உடம்பளவுக்கு ஒரு வேட்டை ரைஃபிள்: ஒன்டாரியோவில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகச் சுட்டுப் பழகியது ஒரு நண்பருடைய ரைஃபிளில். அவர் ஆறடி உயரம், நான் ஐந்தடி இரண்டு அங்குலம். பயிற்சித் திடலில் மூன்றாவது தோட்டாவிலேயே ஸ்கோப்பின் (மேலே பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு புருவத்தில் வந்து அடித்தது, ரத்தம் வந்துவிட்டது. அந்தக் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போக ஒன்றரை வருஷம் ஆனது. குறை ரைஃபிளிலும் இல்லை, நண்பரிடமும் இல்லை. அது என் உடம்புக்கு நீளம், அவ்வளவுதான்.

அதனால் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் விலையையும் கம்பெனியையும் தோட்டாவையும் பிறகு பேசலாம், முதலில் உங்கள் கையை அளந்து பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன். சாதாரண வேட்டை ரைஃபிள்கள் சராசரி வட அமெரிக்க ஆணின் உடம்பை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. நம்மில் பல பெண்களுக்கும், உயரம் குறைந்த ஆண்களுக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் அவை பொருந்துவதில்லை. கடைக்காரர்கள் ‘காம்பாக்ட்’ என்றும் சில சமயம் ‘யூத்’ என்றும் சொல்லும் சின்ன ரைஃபிள்கள் நமக்குச் சரியாக இருக்கும். நல்ல வேளையாக, விலை குறைந்தவற்றிலும் அந்த அளவு கிடைக்கிறது.

இந்தக் கட்டுரை கனடாவில், குறிப்பாக ஒன்டாரியோவில், வெள்ளைவால் மான் வேட்டையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கானது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கிருந்து படிக்கிறவர்கள் இதை இன்னொரு நாட்டின் நடைமுறையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் முதலில், கடை பிறகு

கனடாவில் ரைஃபிள் வாங்க மட்டுமல்ல, தோட்டா வாங்கவும் பி.ஏ.எல். என்ற, துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவுமான உரிமம் வேண்டும். அதற்குக் கனடிய துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. விண்ணப்பத்தில் கணவர் அல்லது மனைவியைப் பற்றியும், கடந்த இரண்டு ஆண்டுகளில் துணையாக வாழ்ந்தவர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஆகவே வீட்டில் பேசாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இங்கே நம் வீடுகளில் பலவும் போரைப் பார்த்து வந்தவை. துவக்கு என்ற சொல்லே அப்பாவுக்கோ மாமிக்கோ வேறு நினைவைக் கிளப்பும். என் தோழி ஒருத்தி ரைஃபிளை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பு, மாமியாரிடம் அது எந்த அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும், எப்போது வெளியே வரும் என்று உட்கார்ந்து விளக்கினாள். மாமியார் உடனே சம்மதிக்கவில்லை. அவள் ஒரு சீசன் பொறுத்திருந்து, அடுத்த வருஷம்தான் வாங்கினாள். அவள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

வேட்டைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. ஒன்டாரியோ வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்து, அவுட்டோர்ஸ் கார்டு என்ற மாகாண வேட்டை அட்டை எடுத்து, அதற்குமேல் மானுக்கான உரிமமும் டேக்கும் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும். இரண்டு பயிற்சிகளையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். தெற்கு ஒன்டாரியோவின் பல பகுதிகளில் மான் சீசனில் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. ஷாட்கன், குழலின் வாய்வழியே வெடிமருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கி, வில் என்று மட்டும் இருக்கும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிமுறைத் தொகுப்பில் நீங்கள் போகப்போகும் பகுதியின் எண்ணைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே ரைஃபிளுக்கு இடமில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

கையை அளப்பது

முழங்கையை 90 பாகையில் மடக்குங்கள். மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ரைஃபிளில் இதற்கு இணையான அளவு, விசையிலிருந்து தோளில் பதியும் கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம். சாதாரண ரைஃபிள்களில் இது 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும், காம்பாக்ட் ரைஃபிள்களில் 12.5 அங்குலத்தை ஒட்டி. வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம்தான். ஆனால் கட்டை ஒரு அங்குலம் நீண்டால் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டிவரும், இடது கை குழலின் எடையைத் தாங்க முடியாமல் நடுங்கும், கட்டை தோள்குழியில் பதியாமல் புஜத்தில் பதியும். பிறகு உதை, அதாவது சுடும்போது ரைஃபிள் பின்னால் தள்ளும் விசை, விழுவதும் புஜத்தில்தான்.

புதியவர்கள் பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கடைக்குப் போவது ஜூலையில், டிஷர்ட்டில். வேட்டை நடப்பதோ நவம்பரில், கம்பளிச் சட்டை, கனத்த கோட்டு, அதற்குமேல் ஆரஞ்சு அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு. அந்தத் துணி மட்டும் சுலபமாக அரை அங்குலம் சேர்க்கும். ஜூலையில் கச்சிதமாக இருந்த கட்டை நவம்பரில் அக்குளில் சிக்கும். கோட்டை ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள், அங்கேயே போட்டுப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் குட்டையானதையே எடுங்கள். குட்டையான கட்டைக்குப் பின்னால் ரப்பர் அட்டை வைத்து நீட்டுவது எளிது, நீளமானதைக் குறைக்க மரமாக இருந்தால் அறுக்க வேண்டும், பிளாஸ்டிக்காக இருந்தால் பல சமயம் மாற்றத்தான் வேண்டும்.

கட்டையைக் குறைக்கலாம் என்பதற்காகக் குழலில் கை வைத்துவிடாதீர்கள். கனடாவில் ரைஃபிள் குழலை அறுத்து 457 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். குட்டைக் குழல் வேண்டுமானால் கம்பெனியிலிருந்தே அப்படி வருவதை வாங்குவதுதான் வழி.

கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அங்கேயே நின்றால் திறந்திருக்கும் கண்தான் உங்களுக்கு ஆளும் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆளுவது உண்டு. அப்படியானால் பயிற்றுநரிடம் பேசிவிட்டு, இடது தோளில் வைத்துச் சுடப் பழகுவதா என்று முடிவு செய்யுங்கள். இடது பக்கம் போல்ட் (தோட்டா அறையைத் திறந்து மூடும் கைப்பிடியுள்ள பகுதி) உள்ள ரைஃபிள்கள் விற்பனையில் இருந்தாலும் காம்பாக்ட் அளவில் அவற்றின் தேர்வு குறைவு.

எந்தத் தோட்டா?

இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிட ஆட்கள் இருக்கிறார்கள். புதியவருக்கு அவ்வளவு தேவையில்லை. குட்டை ரைஃபிளுக்கு நான்கு பெயர்கள் போதும்: .243 வின்செஸ்டர், 7 மி.மீ.-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர். .308 வந்தது 1952-இல். அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் .243-ஐயும், 1980-இல் 7 மி.மீ.-08-ஐயும் செய்தார்கள். 6.5 கிரீட்மோர் 2007-இல் வந்த புதியவர்.

மானுக்கு மட்டும் என்றால், உதைக்கு அஞ்சுகிறவர்களுக்கு .243 நல்ல தொடக்கம். 100 கிரெய்ன் எடையுள்ள, வேட்டைக்கென்றே செய்த தோட்டாவை எடுங்கள். நரிக்கும் முயலுக்கும் விற்கும் இலேசானவை மானுக்கு வேண்டாம். .243-இன் குறை, அது தவறைப் பொறுக்காது என்பதுதான். மானின் தோள் எலும்பில் தவறான கோணத்தில் பட்டால் உள்ளே போதுமான ஆழம் போகாமல் நின்றுவிடலாம். பின்னாளில் மிகப் பெரிய மானினமான மூஸ் வேட்டைக்கும் போக நினைத்தால் .243 இலேசு.

.308 எல்லாவற்றுக்கும் போதும், சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், மலிவான தோட்டாவும் உண்டு. ஆனால் ஆறு பவுண்டு எடையுள்ள காம்பாக்ட் ரைஃபிளில் அதன் உதை .243-இன் உதையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ரைஃபிள் இலேசானால் சுமப்பது சுகம், சுடும்போது வலி. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 7 மி.மீ.-08 அல்லது 6.5 கிரீட்மோர். இரண்டும் மானுக்குத் தாராளம், உதை நடுத்தரம். நான் வைத்திருப்பது 7 மி.மீ.-08, அதில் 140 கிரெய்ன் தோட்டா. அதன் ஒரே சங்கடம் கடைகளில் எப்போதும் கிடைக்காதது. சீசனுக்கு முன்பே நான்கு பெட்டி வாங்கி வைத்துவிடுகிறேன். அப்படித் திட்டமிடப் பிடிக்காதவர்கள் கிரீட்மோர் பக்கம் போகலாம்.

குழல் குட்டையானால் வேகம் குறையுமே என்று கேட்பார்கள். குறையும். அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி வரை. 22 அங்குலக் குழலுக்குப் பதில் 18 அங்குலம் என்றால் நொடிக்கு நூறு அடி அளவில் இழப்பு. ஒன்டாரியோவின் அடர்ந்த காட்டில் நமக்குக் கிடைக்கும் குறி பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள். அந்தத் தூரத்தில் மானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் காதுக்குத் தெரியும், குட்டைக் குழலின் சத்தமும் வெடிப்பும் அதிகம். கனடாவில் சத்தமடக்கி தடை என்பதால் காதுக்கவசம்தான் துணை. திடலில் காதுக்குள் செருகும் அடைப்பான், மேலே கவசம் என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

கடையில்

போல்ட் ரைஃபிளைப் புதியவருக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதன் நிலை கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் தோட்டா அறை திறந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் ‘காலி’ என்று தெரிகிறது. உறுப்புகளும் குறைவு, சுத்தம் செய்வது எளிது.

விலை குறைந்தவற்றில் நான் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்வது இவற்றை:

சாவேஜ் ஆக்ஸிஸ் காம்பாக்ட். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் விலை குறைந்தது இதுதான். 20 அங்குலக் குழல். கட்டை பிளாஸ்டிக், பிடிக்கும்போது கொஞ்சம் பொள்ளலாகத் தோன்றும், போல்ட்டும் வழுக்கிக்கொண்டு போகாது. ஆனால் குறி தவறாது. பழைய ஆக்ஸிஸில் விசை கடினம். சாவேஜின் ‘அக்யூட்ரிக்கர்’ என்ற, கனத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய விசை பொருத்திய வடிவம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து அதையே எடுங்கள். விசை கடினமாக இருந்தால் அதை அழுத்தும்போதே குழல் அசைந்துவிடும், புதியவருக்கு இது பெரிய தொல்லை.

ருகர் அமெரிக்கன் காம்பாக்ட். 18 அங்குலக் குழல், ஆறு பவுண்டை ஒட்டிய எடை. போல்ட்டை 70 பாகை தூக்கினால் போதும், மற்ற பலவற்றில் 90. குளிரில் கையுறையோடு, ஸ்கோப்புக்குக் கீழே விரல் இடிக்காமல் இயக்க இது உதவும். விசையின் கனத்தை மூன்று முதல் ஐந்து பவுண்டுக்குள் நாமே மாற்றிக்கொள்ளலாம். புதரும் மரமும் அடர்ந்த இடத்தில் நடக்கிறவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

மோஸ்பெர்க் பேட்ரியட் வரிசையில் இளையோருக்கென்று வரும் சூப்பர் பேன்டம். பின்னால் ஒரு செருகு அட்டை உண்டு, அதை எடுத்தால் கட்டை 12 அங்குலம், வைத்தால் 13. வளரும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால், அல்லது அம்மாவும் மகனும் ஒன்றையே பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இது சிக்கனம்.

பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் காம்பாக்ட்டையும் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். போல்ட் எண்ணெயில் நழுவுவது போல ஓடும். விலை ஆக்ஸிஸை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மான் இரண்டுக்கும் ஒரேமாதிரிதான் விழும். அந்தப் பணத்தைத் தோட்டாவுக்கும் திடல் கட்டணத்துக்கும் செலவழிப்பது முதல் வருஷத்தில் நல்லது என்பது என் எண்ணம்.

கடையில் ரைஃபிளைக் கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து அறை காலிதானா என்று நீங்களே பாருங்கள், கடைக்காரர் பார்த்திருந்தாலும். குழலை ஆள் இல்லாத பக்கம் வைத்திருங்கள். அப்புறம் கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுபோய், கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள். கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவே முழு வட்டமும் தெரிந்தால் பொருந்துகிறது. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது அல்லது கட்டை நீளம். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு ஒரு நிமிடம் நிற்கிற நிலையில் பிடித்துப் பாருங்கள். எத்தனாவது நொடியில் இடது கை நடுங்குகிறது என்று கவனியுங்கள். குழலின் முன்புறத்தில், கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பாருங்கள். அது தடையில்லாமல் போக வேண்டும். பிளாஸ்டிக் கட்டை அழுத்தினால் வளைந்து குழலைத் தொடுவது மலிவு ரைஃபிள்களில் உண்டு, அப்போது குறி அலையும்.

விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து ஒரு குறிப்பு எண் வாங்குவார். 2022 மே 18 முதல் இது கட்டாயம். தனி ஒருவரிடம் பழைய ரைஃபிள் வாங்கினாலும் இதே நடைமுறைதான். எண் வேண்டாம், பரவாயில்லை என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பணத்தைப் பிரிப்பது

ரைஃபிளிலேயே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டுத் தோட்டா வாங்கக் கை வறண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையிலிருப்பதில் பாதிக்கு மேல் ரைஃபிளுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், காதுக்கவசம், பூட்டு, உறை, பயிற்சித் தோட்டா எல்லாம் மிச்சத்தில் வர வேண்டும்.

ஸ்கோப்போடு சேர்த்து ஒரே பெட்டியில் விற்பதை வாங்கலாமா? வாங்கலாம், தொடங்குவதற்கு அது போதும். ஆனால் அதன் திருகுகளை நம்பாதீர்கள், கழற்றி மறுபடி சரியாக முறுக்குங்கள். தனியாக வாங்கினால் காட்டுக்கு 2 முதல் 7 மடங்கு வரை பெருக்கும் சின்ன ஸ்கோப் போதுமானது. கண்ணிலிருந்து மூன்றரை அங்குலமாவது தள்ளி வைத்துப் பார்க்க முடிகிற ஸ்கோப்பாக இருக்கட்டும். என் புருவம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

வீட்டில் ரைஃபிள் காலியாக, பூட்டோடு இருக்க வேண்டும் அல்லது போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டா எளிதில் எடுக்கும்படி அதன் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் பூட்டு, அலமாரி, தனிப்போல்ட் மூன்றையும் செய்யச் சொல்வேன்.

சீசனுக்கு முன்னால்

முதலில் 25 கெஜத்தில் இலக்கு வையுங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, மணல்மூட்டையில் ரைஃபிளை அசையாமல் வைத்து, குழலின் உள்ளே பார்த்து இலக்கின் நடுவை நடுவாக்குங்கள். பிறகு ரைஃபிள் அசையாமலே ஸ்கோப்பின் குறியை அதே இடத்துக்குத் திருப்புங்கள். இதுவே நிறையத் தோட்டாக்களை மிச்சப்படுத்தும். அப்புறம் சுட்டுச் சரிசெய்து, 100 கெஜத்துக்குப் போங்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவை வைத்துத் திருத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் திருகாதீர்கள். ஒரு அமர்வுக்கு 15 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். உதை தோளில் சேரச் சேர மனம் பயப்படத் தொடங்கும், அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது.

கண் மூடும் பழக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மருந்தில்லாத போலித் தோட்டாக்களை வாங்கி, நண்பரை உங்களுக்குத் தெரியாமல் அசலோடு கலந்து நிரப்பச் சொல்லுங்கள். போலி வரும்போது குழல் கீழே குனிந்தால் உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. எனக்கு அது போனது இப்படித்தான். ஒரு குளிர்காலம் முழுக்க, அசல் ஒன்றுக்குப் போலி மூன்று என்று சுட்டேன்.

மேசையில் வைத்துச் சுடத் தெரிந்தால் போதாது. எட்டு அங்குலக் காகிதத் தட்டை நட்டுவைத்து, உட்கார்ந்தும், மண்டியிட்டும், மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிற தூரம் எதுவோ, அதற்கு மேல் தள்ளி நிற்கும் மானை விட்டுவிடுங்கள். முதல் வருஷம் எனக்கு அது 60 கெஜம். ஒரு கொம்பு மான் 90 கெஜத்தில் பத்து நிமிடம் நின்று மேய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக, சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கோட்டு, கையுறை, ஆரஞ்சுத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஒருமுறை திடலுக்குப் போய் வாருங்கள். ஒன்டாரியோவில் துப்பாக்கி மான் சீசனில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சும், தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் கட்டாயம். தொப்பி விளிம்பு ஸ்கோப்பில் இடிக்கிறதா, அங்கியின் மடிப்பில் கட்டை சிக்குகிறதா, கையுறை விரல் விசைக்காவலுக்குள் நுழைகிறதா என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். திரும்பி வந்ததும் ரைஃபிளை உடனே உறையிலிருந்து எடுக்க வேண்டாம். குளிர்ந்த இரும்பு வீட்டுச் சூட்டில் வியர்த்துவிடும். இரண்டு மணி நேரம் மூடியே பூட்டி வைத்து, அதன் பிறகு எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.